தண்டனை பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா

"ரெண்டு கொலையும் ருசுவாயிடுச்சு. தண்டனையைப் பத்திச் சொல்ல ஏதாவது உண்டா?" என்று செஷன்ஸ் ஜட்ஜ் ராமகிருஷ்ணன் கேட்டார். கூண்டில் நின்ற தாண்டவராயன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தூக்குல போட்டுடுங்க சாமி. வேற இன்னா இருக்குது சொல்றதுக்கு?"

கோர்ட்டில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவனுக்காக வாதாடிய சுனந்தாவுக்கு முகம் சுட்டது. இத்தனை நாள் அவள் கட்டிய வாதத்தையெல்லாம் கட்சிக்காரனே ஒரு வரியில் தள்ளிவிட்டான்.

அது 1981. ஜட்ஜ் வேலூரிலிருந்து முகாம் வந்து திருவண்ணாமலையில் உட்கார்ந்து விசாரித்த வழக்கு. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த கலீல் ரஹ்மானையும் அவர் தம்பி நசீருதீனையும், அந்த மண்டியிலேயே வருஷக்கணக்காக மூட்டை தூக்கிய தாண்டவராயன் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றான். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று முதல் நாள் முதலாளி அவனை நிறுத்திவிட்டார். மறுநாள் காலை அவன் கொடுவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு வந்தான். முதலில் கலீல் விழுந்தார். தடுக்க ஓடிவந்த நசீருதீனும் விழுந்தான். அவனுக்கு அப்போதுதான் மீசை கறுக்க ஆரம்பித்திருந்தது. வெட்டியவன் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை மண்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாத அவனுக்கு அரசாங்கமே ஒரு வக்கீலை நியமித்தது. அந்த வேலை சுனந்தாவுக்கு வந்தது. திண்டிவனம் பக்கத்துச் சமண நயினார் குடும்பத்துப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் வீடு. விளக்கில் விட்டில் விழுந்துவிடுமோ என்று பயப்படும் வீடு. "எறும்பை மிதிக்காதவங்க வூட்டுப் பொண்ணுக்கு இரட்டைக் கொலை கேஸா!" என்று வக்கீல்கள் அறையில் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

இப்போது எழுந்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். இதற்கு முன் எந்தக் குற்றமும் செய்யாதவன், ஏழை, படிப்பில்லாதவன், கருணை காட்ட வேண்டும்.

ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தலை நரைத்தவர், சத்தம் போட்டுப் பேசாதவர்.

"இதையெல்லாம் எல்லாரும்தான் சொல்றாங்கம்மா. நான் சட்டம் படிச்ச காலத்துல, கொலைக்குத் தூக்கு போடலைன்னா ஏன் போடலைன்னு ஜட்ஜ் எழுதணும். இப்ப அது தலைகீழாயிடுச்சு. தூக்கு போட்டா ஏன் போட்டேன்னு தனியா காரணம் எழுதணும். போன வருஷம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, அரிதிலும் அரிதான வழக்கா இருந்தாத்தான் போடணும்னு. செஞ்ச குற்றத்தை மட்டும் பார்த்தாப் போதாது, செஞ்சவனையும் பார்க்கணும்னு. செஞ்ச குற்றம் எனக்குத் தெரியும். இந்த ஆள் யாரு? விசாரணை முழுக்க எனக்கு அது ஒண்ணுதான் தெரியல."

அரசு வக்கீல் எழுந்தார். "திட்டம் போட்டு, கத்தி தீட்டி, ஒரு பாவமும் அறியாத பையனையும் சேர்த்துக் கொன்னிருக்கான். இதுக்கு மேல என்ன அரிது வேணும் ஐயா? அப்படியே தப்பு நடந்தாலும் தூக்கு தண்டனையை ஹைகோர்ட் உறுதி பண்ணணுமே. மேல பார்த்துக்குவாங்க."

"மேல பார்த்துக்குவாங்கன்னு நம்பி நான் கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றார் ஜட்ஜ். பிறகு சுனந்தாவைப் பார்த்து, "ஒரு வாரம் டயம் தர்றேன். இவனைத் தெரிஞ்ச யாரையாவது தேடிப் பிடிச்சு வாங்க" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

சுனந்தா மறுநாளே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினாள். கொல்லக் கூடாது என்ற எண்ணம் அவளுக்கு வீட்டிலிருந்து வந்தது, பாலோடு வந்தது. அதனாலேயே அதன்மேல் அவளுக்கு நம்பிக்கை குறைவு. எதையும் பறிகொடுக்காதவளுக்குத் தூக்கு வேண்டாம் என்று சொல்வதில் என்ன கஷ்டம்? பஸ் ஜன்னலில் மல்லாட்டைக் கொல்லைகள் ஓடிக்கொண்டிருந்தன. தன் கட்சிக்காரனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஒருத்தர் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருத்தரும் கிடைக்கவில்லை. கூட மூட்டை தூக்கினவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மண்டிக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த கன்னியம்மாள் மட்டும் பதில் சொன்னாள்.

"அவனா? எவன்கிட்ட பேசுனான் அவன்? ஊருக்குள்ளயே இல்லியே. ஏரிக்கு அந்தாண்ட கொல்லையில குடிசை போட்டுக்கினு தனியா கெடந்தான்."

"பெண்டாட்டி இருந்தாளாமே?"

"இருந்துது. செத்துப்போச்சு."

"என்ன ஆச்சு?"

கன்னியம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். தள்ள வேண்டிய அவசியமில்லாத விறகு. "வியாதிதான். அது இன்னாத்துக்கும்மா இப்போ? உள்ளபடி தெரியணும்னா பாய் வூட்டம்மாவைத்தான் கேக்கணும். அங்க போயி நீ எப்படிக் கேப்பே?"

அதைத்தான் சுனந்தாவும் யோசித்தாள். கொலையானவர் வீட்டுக்குக் கொன்றவனின் வக்கீல் போவதா? அரசு வக்கீலுக்குத் தெரிந்தால் சாட்சியைக் கலைக்கப் போனாள் என்பார். ஆனால் சாட்சி விசாரணை முடிந்து குற்றவாளிதான் என்றும் சொல்லியாயிற்று. கலைப்பதற்கு ஒன்றும் மீதியில்லை. கடைசியில் அவள் கால்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் மண்டிக்குப் பின்னால் இருந்த வீட்டை நோக்கிப் போயின.

கதவைத் திறந்தது அஜ்மத் பேகம். இரண்டு பிள்ளைகளையும் ஒரே காலையில் பறிகொடுத்த தாய். சுனந்தா தான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் கதவைப் பாதி சாத்தினாள்.

"என் புள்ளைங்களைக் கொன்னவனுக்குப் பேசறவளா நீ? எங்க வாசல்ல நிக்காதே. போயிடு!"

சுனந்தா தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். தப்பு தன்மேல்தான் என்று பட்டது. தெருமுனை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. தலையை முந்தானையால் மூடிய இளம்பெண். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் சுனந்தா அவளைப் பார்த்திருக்கிறாள். கலீல் ரஹ்மானின் மனைவி மெஹ்ருன்னிசா.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

மண்டியின் பின்பக்கக் கதவு வழியாக அழைத்துப் போய், காலிச் சாக்குகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சுனந்தா குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "என்னா கேக்க வந்தீங்க?" என்றாள்.

"அவன் பெண்டாட்டியைப் பத்தி."

மெஹ்ருன்னிசா சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

"ஜோதியம்மாள்னு பேரு. பெருவியாதி வந்துடுச்சு. விரலெல்லாம் போச்சு. ஊரு அவளைத் தொரத்தச் சொல்லிச்சு. இவன் தொரத்தல. ஊரை விட்டு அவளோட கொல்லைக்குப் போயிட்டான். புண்ணைக் கழுவறது, கஞ்சி ஊட்டறது, எல்லாம் இவன்தான். அவ சாப்பிட்ட தட்டுலயே சாப்பிடுவான். கட்டுப் போடறதுக்கு நான் பழைய சேலை கிழிச்சுக் குடுப்பேன். மூட்டை தூக்கிட்டுப் போறப்ப வாங்கிட்டுப் போவான். ரொம்ப வருஷம் அப்படித்தான். அவ செத்தப்பறம்தான் குடிக்க ஆரம்பிச்சான். அதுவரைக்கும் தொட்டதில்ல."

"அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்க."

"சொல்ல மாட்டான்." அவள் குரல் தழைந்தது. "இன்னொண்ணும் இருக்குது வக்கீலம்மா. எங்க வீட்டுக்காரரு அவனை நிறுத்தினாரே அன்னிக்கு, குடிச்சிட்டு வந்தான்னு நிறுத்தினாருன்னுதானே கோர்ட்டுல எல்லாரும் சொன்னாங்க? அது நெசம்தான். ஆனா யாவாரிங்க எல்லாரும் நிக்கறப்ப, 'அழுகிச் செத்தவளைக் கட்டிக்கினு கெடந்த கை இது, இந்தக் கை தொட்ட மூட்டையை எவன் வாங்குவான்'னு சொல்லிட்டாரு. மண்டியில இருந்த அத்தனை பேரும் கேட்டாங்க. செத்தவர் பேரு கெடக் கூடாதுன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரே வந்து சொன்னாரு. சோத்துல கையை வச்சுக்கினு அப்படியே உக்காந்திருந்தாரு. 'கோவத்துல நாக்கு புரண்டுடுச்சு. காலையில அவனைக் கூப்பிட்டு விட்டு சமாதானம் பண்ணிடறேன்'ன்னாரு." மெஹ்ருன்னிசா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "காலையில அவன் கூப்பிடாமலே வந்துட்டான்."

வெளியே யாரோ வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"இதை நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாதீங்க" என்றாள் மெஹ்ருன்னிசா. "அவனைத் தூக்குல போடணும். என் மனசுல அதுல மாத்தம் இல்ல. எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை பேசினாரு. என் கொழுந்தன் என்னா பண்ணான்? ஒண்ணுமே பண்ணலியே."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க. எனக்குப் பொய் சொல்ல வரல."

தாண்டவராயனைத் திருவண்ணாமலை சப்-ஜெயிலில் வைத்திருந்தார்கள். சுனந்தா போய் ஜோதியம்மாள் பெயரைச் சொன்னதும், இதுவரை அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காதவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"யாரு சொன்னது உனக்கு?"

"யார் சொன்னா என்ன? ஜட்ஜ்கிட்ட இதைச் சொன்னா உன் உயிர் நிக்கும்."

"அவளை அங்க இழுக்காதே! உசுரோட இருக்கறப்ப ஊரே அவளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கிச்சு. செத்தப்பறம் கோர்ட்டுல வச்சு, பேப்பர்ல போட்டு, இன்னொரு தபா அவளை அசிங்கப்படுத்தணுமா? எனக்கு உசுரு வாணாம்மா. நீ பேசினா, எல்லாம் பொய்யின்னு நானே கூண்டுல நின்னு சொல்லுவேன்."

"நசீருதீனை ஏன் வெட்டினே? அவன் உன்னை ஒண்ணும் சொல்லலியே?"

அவன் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "தெரியல" என்றான். "அந்தப் புள்ள என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். அது மூஞ்சிதான் எப்பவும் தெரியுது. அதுக்காகவாவது என்னைப் போக வுட்டுடும்மா."

சுனந்தா ஜெயிலை விட்டு வெளியே வந்தபோது எதிரே மலை மொட்டை வெயிலில் நின்றது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. உண்மை முழுவதும் கையில் இருக்கிறது. அதைச் சொல்லும் உரிமை மட்டும் இல்லை. கட்சிக்காரன் வேண்டாம் என்கிறான். செத்தவளின் மானம் அவனுக்குப் பெரிது. அந்தப் பக்கம் செத்தவரின் மானம் மெஹ்ருன்னிசாவுக்குப் பெரிது. போய்ச் சேர்ந்த இரண்டு பேருடைய பெயரைக் காப்பாற்ற, உயிரோடு இருக்கிற ஒருத்தன் தூக்கில் தொங்க வேண்டுமா? வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன என்றும் நினைத்தாள். நம்பிக் கொடுத்ததை எடுத்துப் போட்டு உடைப்பதா என்று உடனே மனசு பின்வாங்கியது. வாய்தா நாள் வரும்வரை அவளுக்கு ஒரு முடிவும் தோன்றவில்லை.

அன்று கோர்ட் நிரம்பியிருந்தது. கடைசி பெஞ்சில் அஜ்மத் பேகமும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். அரசு வக்கீல் தன் வாதத்தை மறுபடி நன்றாகவே சொன்னார். கொலை ஆத்திரத்தின் சூட்டில் நடந்ததில்லை, நடுவில் ஒரு இரவு இருக்கிறது என்றார். அதற்குப் பதில் இல்லை என்று சுனந்தாவுக்கே தெரியும்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் ஜட்ஜ். "யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

சுனந்தா எழுந்தாள். "இல்லைங்க ஐயா. இந்த ஆள் யாருன்னு போன வாரம் கேட்டீங்க. எனக்கு இப்பத் தெரியும். ஆனா அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"யாரோட அனுமதி?"

"ரெண்டு பேரோட அனுமதி. அதுல ஒருத்தர் என் கட்சிக்காரர்."

ஜட்ஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா, தெரியாமலே தீர்மானம் பண்ணுன்னு சொல்றீங்க?"

சுனந்தா கையிலிருந்த கேஸ் கட்டை மூடினாள். ஜட்ஜ் பேனாவை எடுத்தார். அப்போது பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"ஐயா, நான் சொல்றேன்."

மெஹ்ருன்னிசா எழுந்து நின்றிருந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்து உருதுவில் ஏதோ சொன்னாள். மெஹ்ருன்னிசா அந்தக் கையை மெதுவாக எடுத்து மாமியார் மடியிலேயே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"இவங்க பேரு சாட்சிப் பட்டியல்லயே இல்ல" என்றார் அரசு வக்கீல்.

"குற்றத்துக்குச் சாட்சி முடிஞ்சாச்சு. இது தண்டனைக்கு. கேக்கணும்னு சட்டமே சொல்லுது" என்றார் ஜட்ஜ். "அந்த அம்மாவைக் கூண்டுல ஏறச் சொல்லுங்க."

அவள் ஏறினாள். மண்டியின் பின்பக்கத்தில் சுனந்தாவிடம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். ஜோதியம்மாள் பெயர் வந்ததும் தாண்டவராயன், "வாணாம்மா... வுட்டுடும்மா" என்றான். பொய் என்று சொல்வேன் என்றவன் அதைச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக் கூண்டுக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டான். தன் கணவர் பேசிய வார்த்தையையும் அவள் மறைக்கவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னதையும் சொன்னாள். அதைக் கேட்ட அஜ்மத் பேகம் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். மகன் கடைசியாக நினைத்தது இது என்று அந்தத் தாய்க்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இவனை மன்னிச்சிட்டீங்களாம்மா?"

"இல்ல" என்றாள் மெஹ்ருன்னிசா. "இவனைத் தூக்குல போடணும்னுதான் நான் கேக்கறேன். ஆனா தெரிஞ்சு போடுங்க. குடிகாரன், வேலை போன ஆத்திரத்துல வெட்டினான்னு நெனச்சுக்கினு போட்டீங்கன்னா, அது சரியில்ல."

ஜட்ஜ் மதியத்துக்கு மேல் தீர்ப்பைச் சொன்னார். எழுதியது ஆங்கிலத்தில். அதைக் கூண்டில் நிற்பவனுக்கும் கடைசி பெஞ்சுக்கும் புரியட்டும் என்று தமிழில் விளக்கினார். நசீருதீனைக் கொன்றதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, ஒரு இரவு முழுக்க யோசித்துச் செய்ததை ஆத்திரம் என்று சொல்லிக் குறைக்கவும் முடியாது என்றார். தராசின் அந்தத் தட்டு கனமாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு கூண்டில் நின்றவனைப் பார்த்தார்.

"ஆனா ஊரே கைவிட்ட ஒருத்தியை இத்தனை வருஷம் கையில வச்சிருந்த ஆள், இனிமே மனுஷனாவே ஆக மாட்டான்னு என்னால எழுத முடியல. அதை எழுத முடியலைன்னா தூக்கும் போட முடியாது. மத்த தண்டனை எதுலயும் தப்பு செஞ்சா திருத்திக்கலாம். இதுல முடியாது." மெஹ்ருன்னிசா இருந்த பக்கம் திரும்பினார். "அந்த அம்மா கேட்டதை நான் கொடுக்கல. அவங்க சொன்னதைத்தான் எடுத்துக்கிட்டேன். அதுக்காக அவங்க என்மேல கோவப்பட்டா, அது நியாயம்தான்."

ஒவ்வொரு கொலைக்கும் ஆயுள் தண்டனை. தாண்டவராயன் போலீஸ்காரர்களோடு படி இறங்கினான். சுனந்தாவைக் கடக்கும்போது, "சாகறது சுளுவா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னான். அப்பீல் போடலாமா என்று கேட்க அவள் பிறகு வேலூர் ஜெயிலுக்குப் போனாள். அவன் பார்க்க மறுத்துவிட்டான்.

தீர்ப்பு சொன்ன அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் சுனந்தா அந்த மாமியாரையும் மருமகளையும் தூரத்தில் பார்த்தாள். ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்ததும் மெஹ்ருன்னிசா மாமியாருக்குக் கை கொடுத்தாள். அஜ்மத் பேகம் அதைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினாள். சுனந்தாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். முதல் கொலை வழக்கில் ஒரு உயிரைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்டிருக்கிறாள். ஆனால் அந்தக் கிழவியின் கையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. தன் வீட்டில் பாலோடு கொடுத்த எண்ணம் சரிதான் என்று அன்று பட்டது. அதற்குக் கொடுத்த விலை மட்டும் தன்னுடையதில்லை, வேறொரு வீட்டினுடையது.

நாலைந்து வருஷம் கழித்து, மண்டி லைசென்ஸ் விஷயமாக மெஹ்ருன்னிசா சுனந்தாவின் ஆபீசுக்கு வந்தாள். மண்டியை இப்போது அவளே நடத்துகிறாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. பேச்சில் வியாபாரிகளின் சுருக்கு வந்திருந்தது. வேலை விஷயம் பேசி முடித்தபின் சுனந்தா தயங்கிக் கேட்டாள்.

"மாமியார் எப்படி இருக்காங்க?"

"ஒரு வருஷம் பேசல. அப்புறம் ஒரு நாள், 'கலீல் அன்னிக்கு சாப்பிட்டானா, இல்ல அப்படியே எழுந்துட்டானா'ன்னு கேட்டாங்க. சாப்பிட்டாருன்னேன். அன்னியிலேர்ந்து பேசறாங்க."

"நிஜமாவே சாப்பிட்டாரா?"

"பாதி" என்றாள் மெஹ்ருன்னிசா. பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு, "அவன் இருக்கானா?" என்றாள்.

"இருக்கான். வேலூர்லதான்."

"அன்னிக்கே போட்டிருந்தாங்கன்னா நான் மறந்திருப்பேனோ என்னவோ. இருக்கான்றதால தினம் ஒரு தபாவாவது ஞாபகம் வருது. சில நாள் ஜட்ஜ் செஞ்சது சரின்னு தோணுது. சில நாள் தோணல." எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நான் சொன்னது தப்புன்னு மட்டும் ஒரு நாளும் தோணல வக்கீலம்மா."

லைசென்ஸ் எப்போது கைக்கு வரும் என்று கேட்டாள். அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் விசாரித்துச் சொல்வதாகச் சுனந்தா சொன்னாள். மல்லாட்டை வரத்து ஆரம்பிப்பதற்குள் கிடைத்தால் நல்லது, இந்த வருஷம் விளைச்சல் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு மெஹ்ருன்னிசா படி இறங்கிப் போனாள்.